மாநாடு முடிந்தது, பெயர் மட்டும் நின்றது: ஒரு சிநேம் பதிவின் நிகழ்வு ஆய்வு

திங்கட்கிழமை காலை 9.40. மக்கள் தொடர்புப் பிரிவிலிருந்து தொலைபேசி. “சார், மாநாட்டுத் தளத்தைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். நான் இணைப்பிலேயே இருக்கிறேன்” என்றார் அந்த அம்மையார். திறந்தேன். எட்டு மாதங்களுக்கு முன் முடிந்துபோன மாநாட்டின் நிகழ்ச்சி நிரல் இருக்க வேண்டிய இடத்தில் சூதாட்ட விளம்பரம் மின்னிக்கொண்டிருந்தது. முகவரிப் பட்டையில் எங்கள் நிறுவனத்தின் பெயர், ஓர் எழுத்துகூடப் பிசகாமல். பக்கத்திலேயே பூட்டுக் குறி. உலாவியைக் கேட்டால் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத்தான் சொல்லும்.

எங்கள் நிறுவனத்தின் டிஎன்எஸ் பதிவுகளை, அதாவது எந்த இணையப் பெயர் எங்கே சுட்ட வேண்டும் என்ற குறிப்புகளை, பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று நடந்ததையும், அதற்கு முன் நாங்கள் செய்யாமல் விட்டதையும், அடுத்து வந்த வாரங்களில் கண்டுபிடித்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். சர்வர் எதுவும் உடைக்கப்படவில்லை, கடவுச்சொல் எதுவும் திருடப்படவில்லை. எல்லாமே சிநேம் என்ற ஒரு வரிப் பதிவால் வந்தது. ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குக் கைகாட்டும் பதிவு அது.

உண்மையான பெயர்களைத் தரப்போவதில்லை. எங்கள் டொமைனை ‘நிறுவனம்.பரிட்சை’ என்றும், தளத்தை ஏற்று நடத்திய வெளி ஹோஸ்டிங் சேவையை ‘தளவீடு.பரிட்சை’ என்றும் வைத்துக்கொள்வோம். ‘.பரிட்சை’ என்பது நானாகக் கட்டியதல்ல. லத்தீன் அல்லாத எழுத்துகளில் டொமைன் பெயர்கள் இயங்குமா என்று சோதிப்பதற்காக 2007இல் இணையத்தின் வேர்ப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பதினொரு பெயர் ஈறுகளில் (‘.காம்’ போன்றவை) தமிழுக்குக் கிடைத்தது அது. 2013இல் நீக்கிவிட்டார்கள். இப்போது அது யாரையும் சுட்டாது என்பதால் இந்தக் கதைக்குப் பாதுகாப்பானது.

அந்த ஒரு வரி

ஒரு பெயருக்கு டிஎன்எஸ் என்ன சொல்கிறது என்று காட்டும் டிக் கட்டளையைத் தட்டியதும் வந்த விடை இது:

மாநாடு.நிறுவனம்.பரிட்சை.  86400  ஐஎன்  சிநேம்  நிறுவனமாநாடு.தளவீடு.பரிட்சை.

இடப்பக்கம் இருப்பது எங்கள் துணை டொமைன், அதாவது எங்கள் டொமைனுக்குக் கீழே மாநாட்டுக்கென்று வைத்த பெயர். வலப்பக்கம் இருப்பது ஹோஸ்டிங் சேவை எங்கள் கணக்குக்குக் கொடுத்த பெயர். நடுவில் உள்ள 86400 என்பது டிடிஎல். இந்த விடையை எத்தனை நொடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று மற்ற சர்வர்களுக்குச் சொல்லும் எண். 86400 நொடி என்றால் ஒரு முழு நாள். அந்த எண் பிற்பாடு எங்களைப் படுத்திய பாடு தனி.

‘சிநேம்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் “மாநாட்டுக்கு ஒரு சிநேம் வைத்துக் கொடுங்கள்” என்றுதான் கேட்பார்கள். இடப்பக்கப் பெயரைத்தான் சிநேம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிஎன்எஸ் நெறிமுறையை வகுத்த 1987ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1034 என்ற இணையத் தர ஆவணம் சொல்வது நேர்மாறானது. அதன்படி இடப்பக்கம் இருப்பது மாற்றுப்பெயர். வலப்பக்கம் இருப்பதே நிலையான பெயர், சிநேம். இந்தக் குழப்பத்தைத் தெளிவுபடுத்த 1997இல் ஆர்எஃப்சி 2181இல் ஒரு பகுதியே எழுத வேண்டியிருந்தது. தமிழில் சொன்னால் சட்டென்று புரியும்: நம்முடையது புனைபெயர், ஹோஸ்டிங் சேவையினுடையது இயற்பெயர். வாசலில் எழுதியிருப்பது புனைபெயர். உள்ளே குடியிருப்பவர் இயற்பெயர்க்காரர்.

பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருந்தும், அந்தத் திங்கட்கிழமை வரை இதை நான் வெறும் இலக்கணக் குறிப்பாகத்தான் பார்த்திருந்தேன்.

பெயர் கேட்டு வந்த நாள்

பழைய கோரிக்கைச் சீட்டைத் தேடி எடுத்தேன். மாநாட்டுக் குழுவினர் வெளிச் சேவை ஒன்றில், இழுத்துப் போட்டுப் பக்கங்கள் அமைக்கும் வசதியுடன், தாங்களே தளம் அமைத்திருந்தார்கள். அதை எங்கள் பெயரில் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான ஆசைதான். பதிவுக் கட்டணம் செலுத்தப்போகிறவர் கேள்விப்படாத ஒரு முகவரியைப் பார்த்தால் தயங்குவார்.

படிவத்தில் இருந்தவை மூன்று கட்டங்கள்: வேண்டிய பெயர், எதைச் சுட்ட வேண்டும், எப்போது வேண்டும். இரண்டாவது கட்டத்தில் அவர்கள் முழு இணைய முகவரியையே ஒட்டியிருந்தார்கள், எச்டிடிபிஎஸ் முதல் கடைசிச் சாய்வுக்கோடு வரை. இது வாராவாரம் நடப்பது. மாற்றுப்பெயர் இன்னொரு பெயரைச் சுட்டுமே தவிர, ஒரு தளத்துக்குள் இருக்கும் பக்கத்தைச் சுட்டாது. டிஎன்எஸ்ஸுக்குப் பக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. பெயரை மட்டும் வெட்டியெடுத்து, கடைசியில் புள்ளி வைத்து, எங்கள் டிஎன்எஸ் பதிவுகள் எல்லாம் இருக்கும் மண்டலக் கோப்பில் சேர்த்திருந்தேன். (அந்தக் கடைசிப் புள்ளியை மறந்தால் நம் டொமைன் பெயரும் வாலில் ஒட்டிக்கொள்ளும். ‘நிறுவனமாநாடு.தளவீடு.பரிட்சை.நிறுவனம்.பரிட்சை’ என்று ஊரில் இல்லாத ஒரு பெயரைச் சுட்டிக்கொண்டு நிற்கும். நானும் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன்.)

வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. அரை மணி நேரத்தில் மாநாட்டுக் குழுவிடமிருந்து மறுபடி தொலைபேசி: தளத்தைத் திறந்தால் ‘இப்படி ஒரு தளம் இங்கே இல்லை’ என்று வருகிறதாம். காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பின்னால் நடந்த கொள்ளைக்கும் வழி இதுதான்.

உலாவி முதலில் ‘மாநாடு.நிறுவனம்.பரிட்சை’ எங்கே இருக்கிறது என்று கேட்கிறது. டிஎன்எஸ் அதை இயற்பெயருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஓர் ஐபி முகவரியை, அதாவது சர்வரின் எண் முகவரியை, தருகிறது. அத்துடன் டிஎன்எஸ்ஸின் வேலை முடிந்தது. உலாவி அந்த ஐபி முகவரியின் கதவைத் தட்டும்போது இயற்பெயரைச் சொல்வதில்லை. பயனர் தட்டிய பெயரையே, அதாவது புனைபெயரையே, ‘ஹோஸ்ட்’ என்ற தலைப்பு வரியில் அனுப்புகிறது. ஒரே ஐபி முகவரியில் ஆயிரக்கணக்கான தளங்களை வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவை அந்த வரியைப் படித்துத்தான் யாருடைய பக்கத்தைக் காட்டுவது என்று முடிவுசெய்கிறது. ஆகவே ‘இந்தப் பெயர் என் கணக்குக்கு உரியது’ என்று சேவையின் பக்கத்திலும் ஒருவர் பதிந்துவைக்க வேண்டும். மாநாட்டுக் குழு அதைச் செய்யாமல் விட்டிருந்தது. தங்கள் கணக்கில் பெயரைச் சேர்த்ததும் தளம் வந்தது. சிறிது நேரத்தில் சேவை தானாகவே, முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி வர வைக்கும் சான்றிதழ் ஒன்றையும் எங்கள் பெயருக்கு வாங்கிப் போட்டுவிட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. சீட்டை மூடினேன்.

அந்தப் பெயரைச் சேர்க்கும்போது சேவை கேட்ட ஒரே சான்று, டிஎன்எஸ் தன்னைச் சுட்டுகிறதா என்பதுதான். யார் சேர்க்கிறார்கள் என்று அது கேட்கவில்லை. எங்களுக்கும் அன்று அது உறைக்கவில்லை.

தும்பை விட்டு வாலைப் பிடித்த இரண்டு மணி நேரம்

திங்கட்கிழமைக்குத் திரும்புகிறேன். செய்தி பரவியதும் எல்லோர் வாயிலும் வந்த சொல் ‘ஹேக்’. முதன்மைத் தளக் குழு தன் சர்வரைப் பூட்டி, நிர்வாகிகள் எல்லோரின் கடவுச்சொற்களையும் மாற்றத் தொடங்கியது. ஒருவர் காப்புப் பிரதியிலிருந்து மீட்டெடுக்கலாமா என்று கேட்டார். எதை மீட்பது? அந்தப் பக்கங்கள் எங்கள் சர்வரில் ஒருநாளும் இருந்ததில்லை. லாக் கோப்புகளில் ஒரு சுவடும் இல்லாதது அவர்களை மேலும் பயமுறுத்தியது. தடயமே விடாத பெரிய கில்லாடி என்று முடிவுகட்டிவிட்டார்கள். டிக் விடையின் அந்த ஒரு வரியைத் திரையில் காட்டி, போன பொருள் இந்த வீட்டில் இருந்ததே இல்லை என்று புரியவைக்கக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று. வேறு எந்தத் தாமதத்தையும்விட எனக்கு இதுதான் உறுத்துகிறது. வெளியில் இருக்கும் எங்கள் தளங்கள் எவை என்ற பட்டியல் யார் கையிலும் இல்லை.

அடுத்து என்ன செய்வது? பதிவை அழித்துவிடலாம் என்பதுதான் முதல் யோசனை. ஆனால் அழித்தால் பெயர் மறையுமே தவிர, தேடுபொறிகளில் ஏறிவிட்ட பக்கங்கள் உடனே மறையாது. தளம் தற்காலிகமாகக் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு அவை சில காலம் காத்திருக்கும். ஆகவே சிநேம் பதிவை எடுத்துவிட்டு, அதே பெயருக்கு எங்கள் சர்வரின் ஐபி முகவரியை நேரடியாகக் கொடுத்து, எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் ‘410’ என்று விடை சொல்ல வைத்தோம். 404 என்றால் ‘காணவில்லை’. 410 என்றால் ‘போய்விட்டது, இனி வராது’.

இங்கே ஒரு குழியில் விழுந்தோம். எங்கள் முதன்மைத் தளம், ‘பாதுகாப்பான இணைப்பில் மட்டும் திற’ என்று உலாவிக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் தலைப்பை, துணை டொமைன்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற சேர்க்கையோடு அனுப்புகிறது. முதன்மைத் தளத்துக்கு ஒருமுறை வந்த உலாவி, அதன்பின் எங்கள் எந்தத் துணை டொமைனையும் சரியான சான்றிதழ் இல்லாமல் திறக்காது. ‘பரவாயில்லை, தொடர்’ என்ற பொத்தானும் கிடையாது. எங்கள் சர்வரில் ‘மாநாடு’ என்ற பெயருக்குச் சான்றிதழ் இல்லை. அதனால் சூதாட்ட விளம்பரம் வந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது சிவப்பு எச்சரிக்கை. மக்கள் தொடர்பு அம்மையார், “முன்பு இருந்தது பரவாயில்லை போலிருக்கிறதே சார்” என்றார். சான்றிதழ் வாங்கிப் போட நாற்பது நிமிடம் ஆயிற்று.

அப்புறம் அந்த 86400. பதிவை மாற்றிய பிறகும் வெளியில் உள்ள பெயர் தேடும் சர்வர்கள் தாங்கள் கடைசியாக வாங்கிவைத்த விடையையே, அது காலாவதியாகும் வரை, கொடுத்துக்கொண்டிருக்கும். அலுவலகத்தில் எனக்குச் சரியாகத் தெரிகிறது, வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் பழைய விளம்பரம் தெரிகிறது. டிடிஎல்லை இப்போது குறைத்தும் பயனில்லை. ஏற்கெனவே வாங்கிப்போனவர்களிடம் பழைய எண்தான் இருக்கிறது. ஹோஸ்டிங் சேவையின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, ஆறு மணி நேரம் கழித்து அந்தக் கணக்கை அவர்கள் முடக்கிய பிறகுதான் எல்லா இடத்திலும் விளம்பரம் மறைந்தது.

எப்படி நுழைந்தார்கள்

வரிசைப்படுத்திப் பார்த்தால் வியக்க ஒன்றுமில்லை. மாநாடு முடிந்தது. குழுவினர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. சிக்கனம், அதில் தவறு இல்லை. கணக்கு மூடப்பட்டதும் ‘நிறுவனமாநாடு’ என்ற பெயர் சேவையில் காலியானது; எங்கள் துணை டொமைனும் அங்கே யாருடைய கணக்கிலும் இல்லை என்ற நிலை வந்தது. டிஎன்எஸ் மட்டும் விசுவாசமாக அங்கேயே கையைக் காட்டிக்கொண்டு நின்றது. இப்படி அநாதையாக நிற்கும் சிநேம் பதிவுகளைத் தானியங்கி நிரல்கள் நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கின்றன. ‘இப்படி ஒரு தளம் இங்கே இல்லை’ என்ற அந்த வாசகமே அவற்றுக்கு அழைப்பு மணி. யாரோ ஒருவர் புதுக் கணக்குத் தொடங்கி, எங்கள் பெயரைச் சேர்த்தார். டிஎன்எஸ் தன்னைச் சுட்டுகிறதா என்று சேவை பார்த்தது. சுட்டியது. கதவு திறந்தது.

துணை டொமைன்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. பொதுச் சான்றிதழ் ஒவ்வொன்றும் யாரும் படிக்கக்கூடிய வெளிப்படைப் பதிவேடுகளில் ஏறுகிறது. 2018 ஏப்ரல் இறுதியிலிருந்து வழங்கப்படும் சான்றிதழ்களுக்கு குரோம் உலாவி அதைக் கட்டாயமாக்கிவிட்டது. எங்கள் மாநாட்டுக்கு முதலில் வாங்கிய சான்றிதழ் வழியாகவே அந்தப் பெயர் உலகுக்குத் தெரிந்திருக்கலாம். அதே பதிவேட்டைப் புரட்டித்தான் நாங்களும் திருட்டுச் சான்றிதழ் எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்று கண்டுபிடித்தோம். பதினேழு நாள் பழையது. பதினேழு நாள் எங்கள் பெயரில் கடை நடந்திருக்கிறது.

‘திருட்டுச் சான்றிதழ்’ என்று எழுதினேன். உண்மையில் அது முறைப்படி வழங்கப்பட்ட சான்றிதழ். சான்றிதழ் நிறுவனம், பெயர் சுட்டும் சர்வரில் ஒரு குறிப்பிட்ட கோப்பை வைக்கச் சொல்லி, அது அங்கே இருக்கிறதா என்று பார்க்கும். பெயர் யாரைச் சுட்டுகிறதோ அவர்தான் உரிமையாளர். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாங்கள் நம்பியிருந்த தற்காப்பு ஒன்று இருந்தது. எங்கள் டொமைனுக்கு எந்தச் சான்றிதழ் நிறுவனம் சான்றிதழ் தரலாம் என்று டிஎன்எஸ்ஸிலேயே எழுதிவைக்கும் சிஏஏ பதிவு. 2017 செப்டம்பரிலிருந்து சான்றிதழ் நிறுவனங்கள் இதைப் பார்த்தே ஆக வேண்டும். நாங்கள் ஒரே ஒரு நிறுவனத்தை அனுமதித்திருந்தோம். திருட்டுச் சான்றிதழோ வேறொரு நிறுவனம் தந்தது. எப்படி? ஆர்எஃப்சி 8659ஐ எடுத்துப் படித்த பிறகு புரிந்தது. சிஏஏ தேடலும் சாதாரண டிஎன்எஸ் தேடல்தான். மாற்றுப்பெயரைக் கண்டால் அதன் பின்னாலேயே போகும். ‘மாநாடு’ என்ற பெயருக்குச் சிஏஏ கேட்டால், இயற்பெயரில் ஹோஸ்டிங் சேவை தானே எழுதிவைத்த சிஏஏ விடையாக வரும். அங்கே விடை இல்லாவிட்டால்தான் தேடல் எங்கள் தாய் டொமைனுக்கு ஏறி வரும். அந்தச் சேவை எழுதியே வைத்திருந்தது. எங்கள் வேலியில் நாங்களே ஒரு திட்டிவாசல் வைத்து, சாவியை அடுத்தவரிடம் கொடுத்திருந்தோம். சிநேம் இருக்கும் பெயரில் வேறு பதிவு எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே ‘மாநாடு’ என்ற பெயரிலேயே எங்கள் சிஏஏவை வைத்திருக்கவும் முடியாது.

(அதே விதியால்தான் ‘நிறுவனம்.பரிட்சை’ என்ற தாய்ப் பெயருக்கே சிநேம் வைக்க முடியாது. டொமைனின் நிர்வாக விவரத்தையும் பெயர் சர்வர்களையும் சொல்லும் எஸ்ஓஏ, என்எஸ் பதிவுகள் அங்கே இருந்தே தீர வேண்டும். சில டிஎன்எஸ் சேவைகள் இயற்பெயரின் ஐபி முகவரியைத் தாங்களே தேடி எடுத்து நேரடி முகவரியாகக் காட்டி இதைச் சமாளிக்கின்றன. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.)

குக்கித் தலைவலி

விளம்பரம் போனதும் எல்லோரும் நிம்மதியாகக் கலைந்துவிட்டார்கள். எனக்கும் பாதுகாப்புப் பிரிவில் இருந்த நண்பருக்கும் அதன் பிறகுதான் உண்மையான கவலை பிடித்தது.

எங்கள் முதன்மைத் தளத்தில் உள்நுழைந்தவரை அடையாளம் வைத்துக்கொள்ள உலாவியில் சேமிக்கும் சிறு குறிப்பான அமர்வுக் குக்கி, ‘நிறுவனம்.பரிட்சை’ முழுவதற்கும் என்று விரித்து அமைக்கப்பட்டிருந்தது. ஊழியர்களுக்கான உள்தளங்கள் இரண்டில் ஒரே உள்நுழைவு இயங்க வேண்டும் என்று எப்போதோ யாரோ செய்தது. அப்படி விரித்துவைத்த குக்கியை உலாவி எங்கள் எல்லாத் துணை டொமைன்களுக்கும் அனுப்பும். மாநாட்டுப் பெயருக்கும்தான். ஊழியர் ஒருவர் காலையில் வேலைக்கு உள்நுழைந்துவிட்டு, தேடலில் வந்த அந்தச் சூதாட்டப் பக்கத்தை ஆர்வத்தில் ஒரு சொடுக்குச் சொடுக்கியிருந்தால், அவரது அமர்வுக் குக்கி வெளி ஹோஸ்டிங் சேவையின் சர்வருக்குப் போயிருக்கும்.

திருடன் கைக்குப் போயிருக்குமா? இதில் நாங்கள் இருவரும் நெடுநேரம் வாதாடினோம். குக்கியில் ‘எச்டிடிபி ஒன்லி’ என்ற குறி இருந்தது. ஆகவே பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதைப் படித்திருக்க முடியாது. அந்தச் சேவையில் வாடிக்கையாளருக்குக் கிடைப்பது பக்கம் அமைக்கும் வசதி மட்டுமே; சர்வருக்கு வரும் கோரிக்கையின் தலைப்பு வரிகள் அவர் கண்ணில் படாது. எனவே பெரும்பாலும் போயிருக்காது என்பது என் கட்சி. பெரும்பாலும் என்ற சொல்லை வைத்துக்கொண்டு அறிக்கை எழுத முடியாது என்பது அவர் கட்சி. அவர் சொன்னதே சரி. அன்றிரவே எல்லா அமர்வுகளையும் முறித்தோம். மறுநாள் காலை அலுவலகமே ஒரே நேரத்தில் மறுபடி உள்நுழைய வந்து, உள்நுழைவுச் சர்வர் திணறியது வேறு கதை.

அந்தச் சேவை வாடிக்கையாளருக்கு முழு சர்வரையே கொடுக்கும் வகையாக இருந்திருந்தால் என் கட்சிக்கு இடமே இருந்திருக்காது. இது மட்டுமா, துணை டொமைனில் இருப்பவர் தாய் டொமைனுக்கே குக்கி எழுதிவைக்கவும் முடியும். வருகிற குக்கி தான் வைத்ததா, பக்கத்து வீட்டுக்காரர் வைத்ததா என்று முதன்மைத் தளத்துக்குத் தெரியாது. பிற்பாடு அமர்வுக் குக்கியின் பெயருக்கு முன் ‘ஹோஸ்ட்’ முன்னொட்டைச் சேர்த்தோம். அந்த முன்னொட்டுள்ள குக்கியைத் துணை டொமைனிலிருந்து தாய் டொமைனுக்கு எழுத உலாவி விடாது. எழுதிய தளத்தைத் தவிர வேறெங்கும் அனுப்பவும் அனுப்பாது. அந்த இரண்டு உள்தளங்களின் ஒற்றை உள்நுழைவை வேறு வழியில் கட்டி முடிக்க ஆறு வாரம் ஆயிற்று.

மீதிப் பெயர்கள்

ஒரு பெயர் இப்படி என்றால் மற்றவை? மண்டலக் கோப்பை இறக்கி எண்ணினேன். 63 சிநேம் பதிவுகள். ஒவ்வொன்றின் இயற்பெயரும் உயிரோடு இருக்கிறதா, அங்கே கதவைத் தட்டினால் என்ன வருகிறது என்று பார்க்கச் சிறு நிரல் எழுதினேன். அதைவிட அதிக நேரம் பிடித்தது இவற்றைக் கேட்டு வாங்கியவர்களைத் தேடிப் பிடிப்பதுதான். ஒருவர் ஓய்வு பெற்றிருந்தார். ஒரு துறையே கலைக்கப்பட்டிருந்தது.

ஒன்பது பதிவுகள் அநாதையாக இருந்தன. அவற்றில் ஏழு மாநாட்டுத் தளத்தைப் போன்றவை. மற்ற இரண்டு இன்னும் மோசம்: சுட்டப்பட்ட டொமைனே காலாவதியாகி விற்பனைக்குக் கிடந்தது. மாநாட்டு விஷயத்தில் வந்தவருக்குக் கிடைத்தது ஒரு சேவைக்குள் ஒரு கணக்கு. இந்த டொமைனை வாங்குகிறவருக்குக் கிடைப்பது தான் விரும்பிய சர்வரில் எங்கள் பெயர், தலைப்பு வரிகளும் குக்கிகளும் உட்பட. அந்த இரண்டில் ஒன்று, முன்பு எங்களுக்குத் தளம் செய்து தந்து பின்னர் தொழிலை மூடிவிட்ட சிறு நிறுவனத்தின் டொமைன்.

நிரல் ஏழு பெயர்களைத் தவறாகவும் பிடித்தது. அவை அடிக்கோட்டுடன் தொடங்கும் துண்டுகளைக் கொண்ட பெயர்கள். சுட்டும் இடத்தில் இணையதளமே கிடையாது. அப்படிப்பட்ட ஒன்றை என் உதவியாளர் செத்த பதிவு என்று அழித்துவிட்டார். பிற்பகல் கணக்குப் பிரிவிலிருந்து புகார்: ரசீது மின்னஞ்சல்கள் எல்லாம் குப்பைப் பெட்டிக்குப் போகின்றன. அழித்தது, மின்னஞ்சல் எங்கள் பெயரில் முறையாக வந்ததுதான் என்று சரிபார்க்க உதவும் டிகிம் கையொப்பச் சாவியை வெளி மின்னஞ்சல் சேவையில் சுட்டும் சிநேம். “தளமே வரவில்லையே சார், அதனால்தான்…” என்றார் பாவம். அவர்மேல் தவறில்லை. இணையதளங்களுக்கு மட்டுமே மாற்றுப்பெயர் என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

மாற்றியவை

மிக எளிய மாற்றம் வரிசையை மாற்றியது. முன்பு கணக்கை மூடிவிட்டு, நினைவு வந்தால் எங்களுக்குச் சொல்வார்கள். இப்போது முதலில் டிஎன்எஸ் பதிவை எடுக்க வேண்டும். டிடிஎல் தீரும் வரை பொறுக்க வேண்டும். அதன் பிறகே ஹோஸ்டிங் கணக்கை மூட வேண்டும். வெளித் தளங்களுக்கான டிடிஎல்லை 3600ஆகக் குறைத்தோம். படிவத்தில் முடிவு தேதி சேர்ந்தது. தேதி வந்தும் யாரும் பேசாவிட்டால் பதிவு 410 பக்கத்துக்கு மாறும். ஹோஸ்டிங் சேவை, பெயரைச் சேர்க்கும் கணக்குக்கென்றே தனித் திறவுச்சொல் ஒன்றை டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி பதிவாக (வெறும் எழுத்துகளை வைக்கும் பதிவு) வைக்கச் சொல்லிச் சரிபார்க்கும் வகையாக இருந்தால் மட்டுமே சிநேம் தருகிறோம். அப்படிச் சரிபார்க்கும் சேவையில் இன்னொருவர் கணக்குத் தொடங்கி நம் பெயரைப் பிடிக்க முடியாது. பழைய டிஎக்ஸ்டி அவருக்குப் பயன்படாது.

பெரிய மாற்றம் ஒன்றுக்கு இன்னும் சண்டை நடக்கிறது. சில நாள் நிகழ்ச்சிகளுக்கு மாற்றுப்பெயரே தரக் கூடாது என்பது என் நிலை. அதற்குப் பதில், ‘மாநாடு’ என்ற பெயரை எங்கள் சர்வரிலேயே வைத்துக்கொண்டு, வருகிறவரை அங்கிருந்து வெளித் தளத்தின் சொந்த முகவரிக்குத் திருப்பிவிடலாம். சுவரொட்டியில் எங்கள் பெயர் அச்சாகும். முகவரிப் பட்டையில் மட்டும் சேவையின் பெயர் தெரியும். நாளை அந்தக் கணக்கை யாரோ பிடித்தாலும் எங்கள் பெயரில் சான்றிதழ் கிடைக்காது, எங்கள் குக்கி போகாது, ஒரு வரியில் திருப்பலை நிறுத்திவிடலாம். திருப்பிவிடுவது வழி சொல்வது. சிநேம் தருவது நம் பெயரையே எடுத்துக் கொடுத்து ‘நானாக இரு’ என்பது. மக்கள் தொடர்புப் பிரிவுக்கு இது பிடிக்கவில்லை. முகவரி மாறினால் கட்டணம் செலுத்துகிறவர்கள் பயப்படுவார்கள் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தைத்தான் நாங்களே பயனர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். இடைவழியாக, வெளித் தளங்களுக்கென்றே தனி டொமைன் வாங்கலாம் என்ற யோசனை மூன்று கூட்டங்களாக நிற்கிறது.

திருட்டுச் சான்றிதழைப் பற்றி அதை வழங்கிய நிறுவனத்துக்கு எழுதினோம். ரத்து செய்துவிட்டார்கள். பெயர் எங்கள் கைக்கு வந்துவிட்டதால் அதை வைத்து யாரும் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது, ஆனாலும் எழுதினோம். தேடுபொறியின் தள நிர்வாகக் கருவியிலும் எங்கள் துணை டொமைனுக்கு ‘உரிமையாளர்’ என்று ஒருவர் தன்னைப் பதிந்துவைத்திருந்தார். ஒரு கோப்பை வைத்துச் சரிபார்த்திருக்கிறார். 410 வந்ததும் அந்தக் கோப்பும் போனது, அடுத்த சரிபார்ப்பில் அவர் உரிமையும் போனது. சூதாட்டப் பக்கங்கள் தேடலிலிருந்து முழுதாக மறைய ஏழு வாரம் ஆயிற்று.

போன வாரம் மாநாட்டுக் குழுவிடமிருந்து புதிய கோரிக்கை வந்தது. அடுத்த மாநாடு, அதே பெயர், வேறொரு சேவை. முடிவு தேதியை ஒழுங்காக நிரப்பியிருக்கிறார்கள். அதற்குக் கீழே புதிதாகச் சேர்த்த கட்டம்: ‘பதிவை நீக்கச் சொல்லும் பொறுப்பு யாருடையது? பெயரும் பதவியும் எழுதுக.’ அதில் ‘தங்கள் பிரிவு’ என்று இருந்தது. சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.